விளக்குச் சங்கத்து மிச்சப் பணம்

குளுவாங்கில் மின்விளக்குச் சங்கம் தொடங்குவதற்கு முன்பே நான் அவ்வூரில் மதிக்கப்பட்டவன். யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கல்வியை முடித்து, மலாயாவுக்கு வந்து ஜொகூர் அரசாங்க சேவையில் சேர்ந்து, படிப்படியாகத் தலைமைக் கிளார்க் ஆனவன். என் கந்தோரிலிருந்து நான் வாசிக்காத கடிதம் எதுவும் வெளியே சென்றதில்லை. கடைத்தெருவில் கடன் சொன்னதில்லை. தேநீர்க்கடை எதிலும் உட்கார்ந்ததில்லை. சங்கத்தினால் எனக்குப் பெயர் வந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் இருந்ததனால்தான் என்னைக் கௌரவச் செயலாளராக இருத்தினார்கள்.

மூடப்பட்ட மர ஆலை ஒன்றின் எண்ணெய் எஞ்சினை வாங்கி, உத்தியோகத்தர் குடியிருப்புகளுக்கும் அவற்றையடுத்த கடை வரிசைக்கும் கம்பி இழுப்பது எங்கள் திட்டம். பங்குகளை வாங்கியோர் பெரும்பாலும் எங்கள் இலங்கைத் தமிழ் உத்தியோகத்தரே. ஆனால் வீட்டு விளக்குகளை மட்டும் நம்பி எஞ்சினை ஓட்டினால் எண்ணெய்ச் செலவுக்குக்கூடப் போதாது. கடைகள் சேர வேண்டும். அவற்றில் முதன்மையானது ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடை. அதன் உரிமையாளர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர். ஊராருக்கு அவர் நானா.

நான் அவர் கடை வாசலில் நின்றுதான் பேசினேன்.

"காஸ் விளக்கே எனக்குப் போதும் ஐயா," என்றார் நானா. "லாபம் வந்தா உங்க ஆளுங்க பிரிச்சுக்குவீங்க. நான் கரண்டுக்குக் கட்டிக்கிட்டே இருக்கணும். அதானே சங்கதி?"

அப்படியன்று என்று விதியை விளக்கினேன். பங்குப் பணத்துக்குச் சிறு வட்டி உண்டு. எஞ்சின் பழுதுக்கென ஒரு தொகை ஒதுக்கப்படும். அதற்கு மேல் மிஞ்சுவது, அந்த ஆண்டில் அவரவர் மின்சாரத்துக்குக் கட்டிய தொகைக்கு ஏற்றபடி அவரவரிடமே திரும்பும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்.

"இது எழுத்துல இருக்கா, இல்ல ஐயா வாயில மட்டுமா?"

"இரண்டிலும் இருக்கிறது."

"அப்ப ஐயா வாய்க்காகச் சேர்றேன். எழுத்தை மாத்திடுவாங்க."

ஒரே ஒரு பங்கு வாங்கினார். அவர் சேர்ந்ததைப் பார்த்து மற்றக் கடைக்காரரும் சேர்ந்தார்கள்.

எஞ்சின் பழையது என்ற அச்சத்தால் யூனிட் விலையைச் சற்று உயர்த்தியே வைத்திருந்தோம். எஞ்சின் எங்கள் அச்சத்தைப் பொய்யாக்கியது. ஆண்டு முடிவில் கணிசமாகவே மிஞ்சியது. விதிப்படி பகிர்ந்தபோது மிகப் பெரிய தொகை நானாவுக்குப் போயிற்று. எங்களவர் வீடுகளுக்கு வந்தது சொற்பம். காரணம் எளிது. பிள்ளைகளின் பாடம் முடிந்ததும் எங்களவர் விளக்கை அணைத்துவிட்டு, நானாவின் கடைக்குப் போய், ஒரு தேநீரை வைத்துக்கொண்டு அவருடைய விளக்கின் கீழ் பத்திரிகை படிப்பார்கள். அந்த வெளிச்சமெல்லாம் நானாவின் மீட்டரில் ஏறியது.

அது ரப்பர் விலை விழுந்து, சம்பளம் வெட்டப்பட்டு, சிலருக்கு வேலையே போன காலம். எங்களவரின் தேவையை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் என் மைத்துனர் முறையானவரும் ரயில் நிலைய அதிகாரியுமான ஒருவர், மிச்சத்தைப் பங்குகளின்படியே பிரிக்க வேண்டும், அதற்கேற்ப விதியை மாற்ற வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தபோது, எதிர்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நானா எழுத்தை நம்பிச் சேரவில்லை. என்னை நம்பிச் சேர்ந்தார். பிரேரணை வென்றால் கடைகள் விலகும், எஞ்சின் நிற்கும். அதற்கு முன் என் சொல் பொய்யாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வாசகசாலையில் சங்கக் கூட்டம் கூடியது.

"என்ன காணும் மச்சான், காசு போட்டது நாங்கள், பலன் கடைக்காரருக்கோ?" என்று மைத்துனர் தொடங்கினார். "நான் வேளைக்கே லைற்றை நூத்துப்போட்டுப் படுக்கிறனான். சிக்கனமாய் இருந்ததுக்குத் தண்டனையோ?"

"படுக்கிறீங்களா?" என்றார் பின்வரிசையிலிருந்து நானா. "கடை சாத்துற வரைக்கும் எம் மேசையில ஒரு ஆளு பேப்பர் படிக்கிறாரே, அது உங்க ஆவியா?"

சபை சிரித்தது. மைத்துனர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார்.

"அவர் உமக்கு எத்தினை கோப்பை தேத்தண்ணி ஊத்தினவர்? அதைச் சொல்லும் முதல்!"

நான் எழுந்து, கோபத்தை அடக்கி, அனைவரும் அறிந்த ஒன்றைக் கூறினேன். பிறருக்கு விற்றால் வருவது இலாபம். நாம் நமக்கே விற்றோம். மிஞ்சியது நாம் தேவைக்கு மேல் வாங்கிய விலை. கூடுதலாக வாங்கியதை, கட்டியவரிடமே திருப்பிக் கொடுக்கிறோம், எவருக்கும் பரிசளிக்கவில்லை.

அப்போது நானா எழுந்தார்.

"விடுங்க ஐயா. எனக்கு வர்றதை இந்த வாசகசாலைக்கே எழுதிக்கிருங்க. ஊருக்குள்ள மனஸ்தாபம் வேணாம். நாளைக்கும் இவங்கதானே டீ குடிக்க வரணும்?"

பலத்த கைதட்டல். மைத்துனரும் தட்டினார். எல்லோருக்கும் அது நல்ல முடிவாகத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தமக்குரியதைச் சபையின் முகத்துக்காக விட்டுக்கொடுத்தால், அடுத்த ஆண்டும் அதையே எதிர்பார்ப்போம். விதி ஏட்டளவில் நின்றுவிடும்.

"நானா, இந்த மண்டபத்தில் நீங்கள் எதையும் கொடுக்கக் கூடாது," என்றேன். "முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு கடலில் போட்டாலும் நான் கேட்கமாட்டேன்."

"இதென்ன ஐயா, குடுக்கிறவனையும் அதட்டுறீங்க!"

"உட்காருங்கள்."

உட்கார்ந்தார். பிரேரணையை வாக்குக்கு விட்டேன். கையை உயர்த்த வேண்டும். நானா பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரவுதோறும் அவருடைய மேசையில் அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் பாதி தூக்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டார்கள். பிரேரணை தோற்றது.

மைத்துனர் தம் வீட்டுக் கம்பியை அறுக்கச் சொல்லி மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினார். என் மூத்த மகளின் திருமணத்துக்கும் வரவில்லை. அதற்காக நான் வருந்தினேன்; விதியின் பக்கம் நின்றதற்காக வருந்தவில்லை.

நானா அன்று தம் பணத்தை வாசகசாலைக்குத் தானம் செய்து சங்கத்தைக் காப்பாற்றினார் என்று இன்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது தவறு. மறுநாள் காலை அவர் வந்தார், கையெழுத்திட்டார், தமக்குரிய பணம் முழுவதையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.