கேட்டால்தான் அவுட்

கிரிக்கெட்டில் ஒரு விதி உண்டு. பந்து வீசும் பக்கத்தார் வாய்விட்டுக் கேட்டால்தான் அம்பயர் அவுட் கொடுக்கலாம். கேட்காவிட்டால், அவர் கண்ணாரப் பார்த்திருந்தாலும் பேட்ஸ்மேன் ஆடிக்கொண்டே இருக்கலாம். அடுத்த பந்துக்கு பௌலர் ஓடத் தொடங்கிவிட்டால், அதன்பிறகு தொண்டை கிழியக் கேட்டாலும் பயனில்லை.

இதெல்லாம் எனக்குத் திருப்பதியில்தான் தெரிந்தது. அலிபிரி போகிற ரோட்டில் ஒரு கேபிள் டிவி கடையில் வேலை. ஊரெல்லாம் புதிதாகக் கேபிள் ஏறிக்கொண்டிருந்த சமயம். மாடி மாடியாக ஒயர் இழுப்பேன், மிச்ச நேரம் கடையில் ஓடும் மேட்ச்சில் கண்ணை நட்டுவைத்திருப்பேன். நடைபாதையில் வாங்கிய விதிப் புத்தகத்தையும் எழுத்து விடாமல் படித்திருந்தேன். ஊருக்குப் போனால் ரூல்ஸ் பேசாமல் இருக்க மாட்டேன். அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கலுக்குப் போயிருந்தேன். டோர்னமென்ட் ஃபைனலில் எங்கள் காலனி ஒரு பக்கம், நிலக்காரர் தெரு இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பேட்டிங் செய்கிறவர்களே அம்பயரையும் நிறுத்துவார்கள். அதனால் எல்.பி.டபிள்யூ என்று ஒன்று இருப்பதையே யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர்கள் பேட்டிங் முறை வந்ததும் நிலக்காரர் மகன், அவர்கள் அணியின் கேப்டன், என்னைப் பார்த்துக் கை நீட்டினான்.

"ரூல்ஸ் அன்னீ தெலுசு கதா நீக்கு? நுவ்வே நிலபடு."

எல்லா ரூலும் தெரிந்தவன் நீதானே, நீயே நில் என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் நைனா, அதாவது அப்பா, வேர்க்கடலை போட்டிருந்த நிலம் அவர்களுடையது. குத்தகை அடுத்த வருஷத்துக்கும் உண்டா இல்லையா என்று பண்டிகை முடிந்துதான் சொல்வார்கள். போன பொங்கலில் இன்னொரு குத்தகைக்காரர் மகன் குறி பார்த்து எறிந்து இதே கேப்டனை ரன் அவுட் ஆக்கினான். அந்த வருஷம் அந்தக் குடும்பத்தின் குத்தகை நிலம் வேறு கைக்குப் போயிற்று. அதனால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

நைனா என்னை ஓரமாக இழுத்தார். "ஒனக்கு இன்னாத்துக்குடா இந்த வேல? அய்யா வூட்டுப் புள்ள. பாத்து நடந்துக்க."

நான் சாமர்த்தியமாக பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் போய் நின்றுகொண்டேன். கேட்ச், எல்.பி.டபிள்யூ தகராறெல்லாம் பௌலர் பக்கம் நிற்கும் அம்பயர் தலையில் விழும். அங்கே அவர்கள் தெரு ஆள் நின்றார். என் பொறுப்பு என் பக்கத்து ரன் அவுட், ஸ்டம்பிங், அப்புறம் ஹிட் விக்கெட். பேட்ஸ்மேன் அடிக்கும்போது தானே ஸ்டம்பைத் தட்டிவிடுவதுதான் ஹிட் விக்கெட். அதெல்லாம் எங்கள் ஊரில் எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

நடந்தது. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ரன்தான் வேண்டும். கேப்டன் பின்னால் நகர்ந்து ஓங்கி அடித்தான். பந்து கரும்புக்குள் பறந்தது. அவன் குதிகால் ஸ்டம்பில் உரசியது. ஸ்டம்பின் மேலிருந்த பெய்ல் குச்சி பொத்தென்று விழுந்தது.

காற்றில் விழுந்தது என்று சொல்லலாமா? ஒரு இலைகூட அசையவில்லை. அடித்து முடித்தபிறகு விழுந்தது என்று சொல்லலாமா? அடிக்கும்போதுதான் விழுந்தது, சந்தேகமே இல்லை. எல்லாரும் பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியில் நிலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நைனா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

பந்து சீக்கிரம் கிடைத்திருந்தால் பரவாயில்லை. பாழாய்ப்போன பந்து, கரும்புக்குள் எங்கே ஒளிந்ததோ! நாலு பேர் உள்ளே புகுந்து தேடினார்கள். அந்தப் பெய்ல் மண்ணில் கிடந்தது. எனக்கு ஒண்ணுக்கு வருகிற மாதிரி இருந்தது.

எங்கள் காலனி கீப்பர், என்னோடு பள்ளியில் படித்தவன், தூரத்திலிருந்து ஸ்டம்புக்கு நடந்து வந்தான். குனிந்து பெய்லை எடுத்தான். என்னைப் பார்த்தான். கேட்காதே சாமி, கேட்காதே, உன் காலைப் பிடிக்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் பெய்லை ஊதி மண்ணைத் தட்டி ஸ்டம்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

பந்து வந்தது. பௌலர் அதைப் பேண்ட்டில் துடைத்தான். நின்றான், மறுபடியும் துடைத்தான். பிறகு ஓடத் தொடங்கினான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. யாரும் பார்க்கவில்லை, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அந்த ஓவரிலேயே அவர்கள் ஜெயித்தார்கள். தெருவே பட்டாசு வெடித்தது.

சாயங்காலம் கீப்பரோடு பஸ்ஸுக்கு நடந்தேன். பொங்கல் முடிந்ததும் அவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறான். ஊரில் அவன் ஆடிய கடைசி மேட்ச் அது. கப் தூக்கிப் பார்க்க ரொம்ப ஆசைப்பட்டவன். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "அந்தப் பெய்லு எப்படிடா வுழுந்துச்சு?"

"இன்னாடா தெரியாத மாதிரி கேக்கற? அவன் கால் பட்டுத்தான்."

"நீ பாத்தியா?"

"நான் மட்டுமா? பசங்க எல்லாந்தான் பாத்தானுங்க. பௌலரு வாயத் தொறக்கப் போனான். நான்தான் வேணான்னு தலய ஆட்டினேன்."

"ஏன்டா?"

"நீ ரூல்ஸ் புடிச்சவனாச்சே. கேட்டா கையத் தூக்கிக்கினு நிப்ப. அப்புறம் ஒங்க நைனா எந்த நெலத்துல போயி நிப்பாரு?"

கேட்டிருந்தால் நான் கையைத் தூக்கியே தீருவேன் என்று அவர்கள் அத்தனை பேரும் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்காகவே கப்பை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ரோட்டோரமாக உட்கார்ந்து அழுதேன். அவன், தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டினான்.