கயலின் பையும் ஒற்றைத் தும்மலும்

போன மே மாதம், இலங்கையின் தேயிலை மலையில், கொட்டுகிற மழையில், பெற்ற பிள்ளைக்கும் மேலாக வளர்க்கிற என் மகளைக் காணாமல் ஒன்றரை மணி நேரம் தவித்தேன். கீரனூரில் தையற்கடை வைத்திருக்கும் இந்த ரோஸ்லினுக்கு வாய் நீளம் என்று நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட எனக்கே ஜெபிக்க வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயலை நானும் என் கணவரும் சட்டப்படி தத்தெடுத்து இரண்டு வருடம் ஆகிறது. காப்பகத்திலிருந்து வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கையில் ஒரு நீலப் பை. அந்தப் பையை அவள் காலி செய்யவே இல்லை. பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். துவைத்து மடித்துக் கொடுக்கிற துணியை வாங்கிக்கொண்டு போய் மறுபடி பையிலேயே வைத்து ஜிப்பை மூடிவிடுவாள், நாளைக்கே கிளம்பப்போகிற விருந்தாளி மாதிரி. "ஆண்டவரே, அந்தப் பை ஒரு நாள் காலியாக வேண்டும்" என்பதுதான் இரண்டு வருடமும் என் ஜெபம். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சபையிலிருந்து எட்டுப் பேர் இலங்கைக்கு ஊழியப் பயணம் போக முடிவானது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் பாட்டும் வேதபாடமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கயலையும் கூட்டிப்போனோம். எங்கே ஊழியத்துக்குப் போனாலும், நம் பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன நல்ல உடுப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோவது நம் சபை வழக்கம் அல்லவா? கிளம்புகிற அன்று கயல் குளிக்கப் போயிருந்த நேரம், நான் அவள் பையைத் திறந்து, அவளுக்குப் பத்தாமல் போன ஐந்து கவுன்களை எடுத்து ஊழியப் பெட்டியில் வைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

வாசலில் இறங்கும்போது என் கணவர் ஒரே ஒரு தும்மல் போட்டார். என் மாமியார் ஞானஸ்நானம் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. தும்மல் விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் மனந்திரும்பவில்லை.

"ஒத்தத் தும்மலு. செத்த உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"விசுவாசி பேசுற பேச்சா இது அத்தை? ஒருத்தர் தும்முனா ஏரோப்பிளேன் நிக்குமா?" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் திருச்சி பஸ் ஏறினேன். கயல் வழி முழுக்க நீலப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. திறக்கவும் இல்லை.

விமானம் இறங்கி, வாடகை வேனில் மலையேறி இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் வார்டன் அம்மா வாசலிலேயே பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து அங்குள்ள பிள்ளைகள் மேல் வைத்து அளவு பார்த்தார். கயலின் மஞ்சள் கவுன் வெளியே வந்தது. எங்கள் வீட்டுக்கு முதல் முதல் வந்த அன்று அவள் போட்டிருந்த கவுன் அது. அவள் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவளைக் காணோம். சமையற்கட்டு, கட்டிலடி, குளியலறை எல்லாம் தேடினோம். இல்லத்துக்குப் பின்னால் ஓடை பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சின்னப் பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தப் புள்ள அழுதுச்சு ஆன்ட்டி. என் சட்டையெல்லாம் குடுத்துட்டாங்க, என்னய இங்க விடத்தான் கூட்டியாந்திருக்காங்கன்னு சொல்லுச்சு."

ஆண்கள் ஓடைப்பக்கம் ஓடினார்கள். நான் சேற்றில் முழங்கால் போட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் வார்த்தை வந்தது. "ஆண்டவரே, அவள் பையைக் காலி செய்யவே வேண்டாம். கடைசிவரைக்கும் விருந்தாளியாகவே இருக்கட்டும். உயிரோடு மட்டும் கொடும்."

மழை விடவில்லை. மளிகைச் சாமான் வாங்கக் கீழே டவுனுக்குப் போன எங்கள் வேன்தான் முதலில் திரும்பி வந்தது. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த டிரைவர் முருகேசு இறங்கினார். நெற்றித் திருநீறெல்லாம் கரைந்து, ஆள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளில் கயல். அவள் கழுத்தில் நீலப் பை.

"வண்டியில நான் மட்டுந்தான்னு நெனச்சுப் போறேன் அக்கா. வளைவுல திரும்பையில பின்னாடி ஒரு தும்மல். ஒத்தத் தும்மல். ஒடம்பே ஆடிப்போச்சு. பிரேக்க மிதிச்சு எறங்கிப் பாத்தா, பின் சீட்டுக்கு அடியில, சாக்குக்குள்ள இந்தப் புள்ள. தூக்கிக்கிட்டு நிமிர்றேன், முன்னால மலை எறங்குது அக்கா! மரத்தோட எறங்குது. பத்தடி தள்ளி ரோடே இல்ல."

முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "தும்முனா நின்னுட்டுப் போகணும்னு எங்க பாட்டன் சொல்லும். அது புதுக்கோட்டைப் பக்கம் இருந்து வந்த ஆளு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தும்மலில் சகுனம் உண்டென்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. ஆனால் நான் ஏளனம் செய்த அதே தும்மலைக் கடலுக்கு அப்பால் ஒரு சாக்குக்குள் வைத்து இரண்டு உயிரைக் காத்த தேவனை நினைத்தால், இதை எழுதும்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் துதிக்கிறேன். அவர் எவ்வளவு பெரியவர்!

"ஏம்மா ஓடிப்போன?" என்று கயலைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"ஓடல. நீங்க என்னய விட்டுட்டு வண்டியில போயிருவீங்கல்ல. அதான் மொதல்லயே ஏறிக்கிட்டேன்" என்றாள்.

எங்களை விட்டு ஓடிவிட்டாள் என்று ஓடையில் தேடினோம். அவளோ எங்களோடு வீட்டுக்கு வர இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்டன் அம்மா ஐந்து கவுன்களையும் திருப்பிக் கொடுத்தார். மஞ்சளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் கயலே அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் நீட்டினார். குடித்தேன்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்து பீரோவைத் திறந்தால், கயலுக்கு ஒதுக்கிய தட்டில் துணி அடுக்கியிருக்கிறது. மேலே மஞ்சள் கவுன். அவள் வெறும் பையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இத நீங்க காய் வாங்க வச்சுக்கங்கம்மா. எனக்கு வேணாம்."

பிரியமானவர்களே, வேண்டாம் என்று நானே திரும்ப வாங்கிக்கொண்ட ஜெபம் அது. அதையும் அவர் மறக்கவில்லை. வெளியே சொல்லக் கூச்சப்படுகிற சின்ன ஜெபம் உங்களுக்கும் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள், பதில் எந்த வழியாக வந்தாலும் ஏளனம் செய்யாதீர்கள். கீரனூர் சந்தையில் நீலப் பையோடு என்னைப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள். கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, இதையே முதலிலிருந்து சொல்வேன்.