குன்றத்தூரான் பார்த்துக்கொண்ட கல்யாணப் படம்

ஜெயிலில் இருந்த என் தம்பியை இன்னும் நாலு மாதம் உள்ளேயே வைக்க நான் ஒருவனே போதும் என்று இந்த 1991 ஐப்பசியில் தெரிந்துகொண்டேன். அந்தக் குழியிலிருந்து முருகன் எங்களை எப்படித் தூக்கிவிட்டான் என்பதை அவன் அடியார்களான உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் நான் போவது ஓட்டுப் போட மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் சரோஜா எழுதுகிறாள்.

எங்கள் ஊர் ஒரகடம் பக்கம். தம்பி பேர் ஏழுமலை. ஏரித் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியைத் தூக்கிவிட்டான். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். தம்பிக்கு ரெண்டு வருஷம் கிடைத்தது. உள்ளே ஒழுங்காக இருந்ததால் தண்டனையில் நாலு மாதம் கழித்திருந்தார்கள். கார்த்திகையில் வந்துவிடுவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் ஆவணியில் எங்கள் தங்கை அமுதாவுக்கு மணிமங்கலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வீடியோ எடுத்தார்கள். எங்கள் சொந்தத்தில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம் அதுதான். பந்தியில் அந்த லைட் என் மேல் விழுந்ததும், கையில் இருந்த அப்பளத்தைக் கடிக்கவும் தெரியாமல், கீழே வைக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கேசட்டில் இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பிக்குக் கடுதாசி போடுவது சரோஜா. பேச்சில் தாராளம், எழுத்தில் கஞ்சம். "கல்யாணம் நல்லபடி முடிந்தது. வீடியோ எடுத்தார்கள்" என்று ரெண்டே வரி எழுதி ஒட்டிவிட்டாள். ரெண்டு வரியில் கல்யாணத்தை முடித்துவிட்டீர்களே அண்ணி, நானும் பார்க்க வேண்டும், அந்தக் கேசட்டை அனுப்புங்கள் என்று அவன் பதில் போட்டான். ஜெயிலில் கேட்டுப் பார்த்தோம். கேசட் எல்லாம் உள்ளே போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்துவிடும். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு இன்லாண்டு கடுதாசி முழுக்கக் கல்யாணத்தை வரைந்தேன். பந்தல், பந்தி, வாசலில் மாப்பிள்ளை கார், கேமராவைத் தோளில் வைத்தவர், லைட்டை உயரமாகப் பிடித்தவர், ஆரத்தித் தட்டோடு சரோஜா. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ஒண்ணுமே தெர்ல" என்றாள்.

உனக்குத் தெரியாது, கூடப் பிறந்தவனுக்குத் தெரியும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு விலாசம் எழுதிக் கொடுத்தாள்.

பதினைந்து நாளாகப் பதில் இல்லை. நேரில் பார்க்க மனு போடப் போனோம். ஏழுமலைக்கு மனு கிடையாது, தனி அறையில் போட்டிருக்கிறார்கள் என்றார் வாசலில் இருந்த வார்டர். படம் வரைந்தது யார் என்று கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்றேன்.

அவர்கள் அந்தப் படத்தில் பார்த்தது வேறு. பந்தல் ஜெயில் சுவராம். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் வரிசையில் உட்கார்ந்த கைதிகளாம். கேமராக்காரர் துப்பாக்கிக்காரன். லைட் சர்ச்லைட். வெளியே தயாராக ஒரு கார். ஆகமொத்தம் தப்பிக்கத் திட்டம். விசாரணையில் இது உறுதியானால் கழித்த நாளெல்லாம் போய்விடும், திங்கட்கிழமை ஜெயிலரிடம் வந்து பதில் சொல் என்றார்.

பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறைமலை நகரில் கம்பெனியில் லோடு ஏற்றுகிற ஆள் நான். ரெண்டு நாள் ஷிஃப்டுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து குன்றத்தூர் மலை ஏறினேன். அதுவரை நான் மலை ஏறியதெல்லாம் சர்க்கரைப் பொங்கலுக்காகத்தான். மொட்டை அடிக்கிறேன் என்று வேண்டலாம் என்றால் காது ஓரத்தில் மட்டும்தான் முடி இருக்கிறது. முருகனுக்கு அதில் என்ன லாபம்? வெறும் கையோடு நின்றேன்.

"முருகா, ஆபீசரப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். தப்பு பண்ணது நானு. அவன உட்ரு. இன்னா செய்யணுமோ நீயே செய்" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. பின்னால் நின்ற ஜனம்தான் என்னைத் தள்ளி நகர்த்தியது.

திங்கட்கிழமை ஜெயிலர் மேசையில் என் படம் விரித்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். கார் என்றேன், பந்தி என்றேன். உயரமாக நின்ற ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்த வாட்ச் டவர்?"

"அது என் சம்சாரம் சார்."

சரோஜா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். நம்பவில்லை. உன் தம்பியும் கல்யாணம் என்றுதான் சொல்கிறான், ரெண்டு பேரும் பேசிவைத்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முருகா, முருகா என்று உள்ளுக்குள் கூப்பிடுகிறேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"என்னை வரை" என்றார்.

வரைந்தேன். சரோஜா எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயிலர் அதை எடுத்துப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே டவர். உச்சியில் தொப்பி மட்டும் கூடுதல்.

"இது நானா?"

"ஆமா சார். தொப்பிதான் சரியா வர்ல."

கதவோரம் நின்ற வார்டர்தான் முதலில் சிரித்தார். ஜெயிலர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. "இவன் படத்தப் பாத்து எவனாவது தப்பிச்சா, நேரா என் ரூமுக்குத்தான்யா வந்து நிப்பான்" என்றார்.

அன்றைக்கே தம்பியைத் தனி அறையிலிருந்து வெளியே விட்டார்கள். கழித்த நாளில் கை வைக்கவில்லை. கடுதாசியையும் அவனிடம் கொடுத்துவிட்டு, மனுவுக்கு அனுமதி தந்தார்கள். என்னை வரை என்று ஒரு ஜெயிலருக்கு ஏன் தோன்ற வேண்டும்? கேட்ட வாய் அவருடையது. கேட்க வைத்தவன் குன்றத்தூரான். நான் பேச வேண்டியதை அவன் பேசிவிட்டான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை கடுதாசியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதுல அமுதா எது, பந்தக்கால் எதுன்னு ஒண்ணும் தெர்லண்ணா. ஆனா நீ குந்திகினு ஒவ்வொண்ணா போட்டுக்கீற பாரு, அதப் பாத்துகினே இருந்தேன்" என்றான். ரெண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாளே அடிபட்டவர் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்தான். அவர் கதவைச் சாத்தவில்லை. கிருத்திகைக்கு எல்லோரும் சேர்ந்து மலை ஏறினோம். நான் இப்போது சாமியைப் பார்த்துவிட்டுத்தான் பொங்கல் வாங்குகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால், ஊர் என்ன சொல்லுமோ என்று கடுதாசியை நிறுத்திவிடாதீர்கள். முருகனிடம் போய் நில்லுங்கள். அழகாக வேண்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குற்றம் செய்தவனுக்காக எப்படிக் கேட்பது என்று கூசவும் வேண்டாம். அப்படிக் கேட்கத்தான் நானும் போய் நின்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.