அந்தரத்தில் பொங்கிய பால்

நானும் கணவரும் ஆசையாக டிரெய்லர் மேல் கட்டிய குட்டி வீடு எங்களுடையது. சின்னமனூர் பக்கம் தோட்டத்தில் நிறுத்தியிருந்தோம். ஆடிக் காற்று வந்தால் வீடு தொட்டில் மாதிரி ஆடும். அதனால் இந்த வைகாசியிலேயே சக்கரத்தைக் கழற்றி, நிரந்தரமாக அஸ்திவாரத்தில் உட்கார வைக்க முடிவு செய்தோம்.

நல்ல நேரத்தில் வீட்டை இறக்கி, பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. கிரேன் தாமதமாக வந்தது. பதற்றத்தில் நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு, "தூக்குங்கண்ணே!" என்று சொல்லிவிட்டேன்.

வீடு அந்தரத்தில் இருக்கும்போது ஜன்னல் திறந்தது. என் மாமியார்!

"ஏத்தா, பால் பொங்கிருச்சு! குலவை போடுங்க!" என்றவர், அப்புறம்தான் கீழே பார்த்தார்.

"அத்தை, அடுப்ப அமத்திட்டு அசையாம உக்காருங்க!" என்று கத்தினேன். கிரேன்காரர் பூப்போல இறக்கினார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மாமியார் பால் பாத்திரத்தை முந்தானையால் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல நேரம் போயிருமேன்னுதேன் அடுப்பப் பத்த வச்சேன். வீடு ஆடவும் காத்துன்னு நெனச்சுட்டேன்த்தா!"

அழ ஆரம்பித்த நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் குலவை போட்டோம்.

இப்போது காற்றடித்தாலும் வீடு ஆடுவதில்லை. ஆனாலும் கதவைப் பூட்டும் முன் அடுப்பைப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்காமல் விடுவதில்லை. வாசலில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நான் இருக்கேன்த்தா!" என்கிறார் மாமியார்.