கூர் இல்லாத மலை

குழந்தைகளின் படப்புத்தகங்களில் எல்லாமே சிரிக்கும். சூரியன் சிரிக்கும், பானை சிரிக்கும், நறுக்கப்போகிற கத்தரிக்காய்கூடச் சிரிக்கும். நானும் பல வருடம் சிரிக்க வைத்திருக்கிறேன். டவுன்ஷிப்பில் ஒரு பாலர் பள்ளியைப் பெருக்கித் துடைத்தபோது சுவரில் யானையும் பூனையும் வரைந்தேன். அதைப் பார்த்த டீச்சர் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் சொல்லிவிட்டார். அதுமுதல் கதை தபாலில் வரும், படம் தபாலில் போகும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்தத் தொழிலில் நிலைத்தேன்.

போன வருடம் ஓர் ஆடு மலையேறும் கதை வந்தது. நான் பார்த்த மலை ஒன்றுதான்: எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. படிப்படியாக ஏறும், உச்சி தட்டை. அதையே வரைந்தேன். மேலே கதையின் எழுத்துக்கு வானத்தைக் காலியாக விட்டேன். ஆடு படிக்குப் படி நின்று திரும்பிப் பார்க்கிறது. உச்சியில் காலை மடக்கிப் படுத்து அசை போடுகிறது. நான் போட்ட ஆடுகளில் அது ஒன்றுக்குத்தான் மூச்சு வாங்கியது. அது மட்டும் அச்சில் வந்துவிட வேண்டும் என்று இருந்தது.

பதிப்பகத்து அம்மாள் போன் செய்தார்.

"இது மலை மாதிரியே இல்லையேம்மா, மேஜை மாதிரி இருக்கு. உச்சி கூரா வேணும். பின்னாடி சூரியன் சிரிக்கட்டும்."

போனில் எனக்குக் குரல் எழும்பாது. "ம்" என்றேன்.

பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். அந்த மண்ணைக் கொட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"கூரா போட்டுக் குட்துட்டுப் போயேன். மலை இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?"

"கூரு மேல ஆடு எங்க குந்தும்?"

"அது ஆட்டோட கவல."

மறுபடியும் தட்டையாகவே வரைந்து அனுப்பினேன். பேச வராதவள் வேறெப்படிப் பதில் சொல்வது?

புத்தகம் வந்தது. வேறு யாரோ வரைந்தது. ஐஸ்கிரீம் கூம்பைக் கவிழ்த்த மாதிரி மலை. நுனியில் நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, பல்பொடி விளம்பரத்துக்கு வந்ததுபோல ஓர் ஆடு. ஏறிய களைப்பு துளியும் இல்லை. பின்னால் சூரியனும் பல்லைக் காட்டியது.

போன வாரம் அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்தது கடல் கதை. உங்களுக்குத்தான்."

"கடலுக்கும் கூரு வெக்கணுங்களா?"

யார் பேசியது என்று வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல என் ஆட்டத் திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.