சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எனக்கு எதிலும் அரைகுறை ஆகாது. பாத்திரம் துலக்கினால் முகம் தெரிய வேண்டும். புளி கரைத்தால் ஒரு திப்பி மிஞ்சக்கூடாது. "இவ கையில குடுத்தா சரியா இருக்கும்" என்று என் மாமியாரே சொல்வார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

முதல் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஆற்றைவிட்டு ஐந்தாறு மைல் தள்ளி இருந்தது. பின்கட்டில் மாட்டுத்தொழுவம், அதை ஒட்டி எருக்குழி, எருக்குழிக்கும் அடுப்படிக்கும் நடுவே கிணறு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை வசதி என்றுதான் நினைத்தோம். தொழுவத்துச் சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெடிமருந்துக்கு வெடியுப்பு காய்ச்சுகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து அந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவார். கிணற்றடியில் வாழையும் கீரையும் கறுகறுவென்று தழைத்து நிற்கும். பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீரைத்தான் புகழ்வார்கள்.

இரண்டாம் மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பசும்பாலில் பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினேன். ஒரு வாரத்தில் குழந்தையின் உதடு கறுத்தது. பிறகு நகக்கண்கள். நாவற்பழம் தின்றவள் மாதிரி இருந்தாள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அழுகை மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

வைத்தியர் வந்து கை பார்த்தார். "மாந்தம்தாம்மா. பால் கனமா இருக்கு, பச்சப்பிள்ளைக்குச் செமிக்கல. இன்னும் கொஞ்சம் தண்ணி சேத்துக் குடுங்க" என்றார். சேர்த்தேன். இன்னும் கறுத்தாள்.

பயந்துபோய் ஸ்ரீவைகுண்டத்தில் என் தாய்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்தே நாளில் உதடு சிவந்துவிட்டது. காலை உதைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். தான் நேர்ந்துகொண்டது பலித்தது என்று அம்மா சொன்னாள். நான் தாய்வீட்டு ராசி என்று நினைத்தேன். அங்கேயும் பசும்பால்தான், அதே சங்குதான். தண்ணீர் மட்டும் ஆற்றுத் தண்ணீர். அது எங்கள் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஆற்றங்கரையில் வாந்திபேதி வந்தது. மூன்றாம் வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேர் போனார்கள். என் கணவர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆத்துத் தண்ணிய இனி தொடவே கூடாது. பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு. நம்ம கெணறு இருக்கையில என்ன பயம்?" என்றார்.

அன்றே ஊர் திரும்பினோம். எங்கள் ஊரிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி தமுக்கடித்துச் சொன்னார்கள். கொதித்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். எனக்குத்தான் அது போதவில்லை. கஷாயத்துக்கு வைப்பதுபோல இரண்டு படித் தண்ணீர் ஒரு படியாகும்வரை சுண்டக் காய்ச்சினேன். துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பாலில் கலந்தேன். வேறு யாரையும் அந்தப் பானையைத் தொடவிடவில்லை.

ஐந்தாம் நாள் முற்பகல், மாமியார் மடியில் கிடந்தவள் சாம்பல் நிறமாகிவிட்டாள். "ஏட்டி, இங்க வந்து பாரு, பிள்ளை மூச்சு விடல" என்றார் மாமியார். போய்ப் பார்த்தேன். ஆமாம், விடவில்லை. திரும்பி அடுப்படிக்கு வந்தேன். தண்ணீர் பாதியாகியிருந்தது, இறக்கி வைத்தேன். அழவேண்டும் என்று தெரிந்தது; அழுகை வரவில்லை. அன்று மரத்துப்போனது பிறகும் சரியாகவில்லை. அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பையன்களுக்கும் தாய்ப்பால் குறையவில்லை. அவர்கள் அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், ஒருவருக்கும் தலைவலிகூட வந்ததில்லை. அதனால் கிணற்றின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டாவது யுத்தமும் முடிந்து சில வருஷம் கழித்து, விவசாயம் படித்து உத்தியோகம் பார்த்த என் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பின்கட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"என்ன அத்தை, எருக்குழிய ஒட்டிக் கெணத்த வச்சிருக்கீங்க? எருவில நைட்ரஜன்னு ஒரு சத்து இருக்கு. பயிரைப் பச்சையாக்குறது அதுதான். அதுவே வெடியுப்பா மாறி மண்ணுக்குள்ள எறங்கி, கெணத்துல சேந்துரும். பெரியவங்களை ஒண்ணும் செய்யாது. மூணு நாலு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்குக் குடுத்தா ரத்தம் கெட்டுப் போயி ஒடம்பு நீலம் பாரிச்சிரும்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நிற்கவில்லை.

"காய்ச்சிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"கிருமிதான் சாகும் அத்தை. உப்பு எங்கன போகும்? தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். பாதியாச் சுண்டினா ரெண்டு மடங்கு. ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான்" என்றேன். எனக்கு அப்படி ஒரு குழந்தை இருந்ததே அவனுக்குத் தெரியாது.

என் கணவரிடமும் சொல்லவில்லை. அப்போது அவருக்குப் பார்வை மங்கி, நாளெல்லாம் பழங்கதை பேசிக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவர் சாகும்வரை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், என் பக்கம் முகத்தைத் திருப்பி, பெருமையாக: "இவமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது வே. ஊர்ல எல்லாவளும் கொதிக்கவச்சுக் குடுத்தா. இவ சுண்டக் காய்ச்சிக் குடுத்தா."