இரண்டு சீருடை, ஒரு கை

செம்மண் கறை லேசில் போகாது. வெர்லீன் கழுவுதொட்டியில் வெள்ளைக் கால்சட்டையைப் பரப்பி, பழைய பிரஷ்ஷால் முழங்கால் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சமையற்கட்டில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து, வீட்டில் அவள் பார்க்கும் இரண்டாம் வேலை இது. தெற்கு ஜார்ஜியாவில் பேஸ்பால் ஆடும் பிள்ளையைப் பெற்றவளுக்கு இதிலிருந்து தப்பமுடியாது.

மகன் லேன்டனுக்குப் பதினாறு வயது. பந்து வீசுபவன். பள்ளி அணிக்குச் சிவப்புச் சட்டை, ஊர் ஊராகப் போய் ஆடும் வெளி அணிக்குச் சாம்பல் சட்டை. முழங்கைக்குள் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் நார் பாதி கிழிந்திருப்பதாகப் போன வாரம் டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. தொட்டால் முழுசாக அறுந்துபோகும், அப்புறம் ஆபரேஷன்தான். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. வெளி அணியின் ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கக் கல்லூரி ஆட்கள் வருகிறார்கள்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது," என்றான் அவள் கணவன் கார்லண்ட், சாப்பாட்டு மேஜையிலிருந்து. "மணிக்கட்டுலேருந்து நார் எடுத்து வச்சுக் கட்டிடுறாங்க. நம்ம ஊரு வாட்லி பையன் அதுக்கப்புறம் முன்னைவிட வேகமா வீசுறான்."

"அவனை மாதிரியே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மத்த ரெண்டு பேரு? ஒருத்தன் ஆட்டத்தையே விட்டுட்டு டயர் கடையில நிக்கிறான். அவனைப் பத்தி மட்டும் வாயத் திறக்க மாட்ட."

"ரெண்டு கோச்சும் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை பந்துன்னு எண்ணித்தானே வீச விடுறாங்க? யாரு அளவைத் தாண்டினா, சொல்லு?"

யாரும் தாண்டவில்லை. அதுதான் விஷயம். சவ அடக்கக் கடைக்காரர் கொடுத்த காலண்டரை ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றி வெர்லீன் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். துவைக்க வந்த சட்டையின் நிறத்தைப் பார்த்து, பையனிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு மாதமாகக் குறித்துவைத்தது.

"செவ்வாய், சிவப்பு, எண்பது பந்து. சனி, சாம்பல், எழுபத்தஞ்சு. மறுபடி செவ்வாய். இவங்க எண்ணுறது அவங்களுக்குத் தெரியாது, அவங்க எண்ணுறது இவங்களுக்குத் தெரியாது. கை மட்டும் ஒண்ணுதான், கார்லண்ட்."

"எப்பவாவது வலிக்குதுன்னு சொன்னானா? டேய், வலிக்குதா?"

"இல்லப்பா," என்றான் லேன்டன். இடது கையால் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த உப்பை எடுத்து உங்கப்பாவுக்குக் குடு," என்றாள் வெர்லீன். "வலது கையால."

கை பாதி தூரம் போனது. அதற்குமேல் முழங்கை நீளவில்லை. உப்புக் குப்பி எட்டாமலே நின்றது. லேன்டன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "நாளைக்கு ஒருநாள் மட்டும்மா," என்றான், யாரையும் பார்க்காமல்.

வெர்லீன் துவைத்து மடித்துவைத்திருந்த சாம்பல் சட்டையை எடுத்தாள். செம்மண் தண்ணீர் நின்ற தொட்டிக்குள் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரையும் போனையும் எடுத்தாள். வெளி அணி கோச்சின் எண்ணைத் தேடினாள்.

"அப்போ நாளைக்கு அவன் எதை மாட்டிக்கிட்டுப் போவான்?" என்று கத்தினான் கார்லண்ட்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனாள்.